பல்கலைக்கழக உதவித்தொகையுடன் கோடைக்கால இன்டர்ன்: சிறு நிறுவனம் கையெழுத்திடும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: ஹாரோ_மொத்தவணிகம் (2025 மே)

அனைவருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோவில் இந்திய, இலங்கை உணவுப் பொருள்களை இறக்குமதி செய்து கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சிறு நிறுவனத்தை நானும் என் மனைவியும் நடத்தி வருகிறோம். எங்கள் இருவரைத் தவிர ஆறு பேர் முழுநேரமாக வேலை செய்கிறார்கள். எங்களிடம் ஏறத்தாழ தொள்ளாயிரம் சரக்குகள் உள்ளன. அவற்றின் பட்டியலைப் பல ஆண்டுகளாக ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்ததால், துவரம் பருப்பு ஒன்றே ‘துவரம் பருப்பு’ என்றும் ‘துவரை’ என்றும் ‘தூர் டால்’ என்றும் மூன்று குறியீடுகளில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு குறியீட்டில் இருப்பு இல்லை என்று கணினி காட்டியதால் புதிதாக ஆர்டர் போட்டுவிட்டோம்; பிறகு பார்த்தால் இன்னொரு பெயரில் நாற்பது மூட்டை கிடங்கிலேயே இருந்தது.

இதைச் சரிசெய்து ஒழுங்கான தரவுத்தளமாக ஆக்கித் தர ஒரு மாணவரை எடுக்கலாம் என்று அருகில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவை அணுகினேன். அவர்கள் ஒன்பது பக்க நிபந்தனைத் தாள் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். அதன்படி மாணவர் எட்டு வாரம், வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். சம்பளத்தை நாங்கள் எங்கள் பேரோல் (ஊழியர் சம்பளப் பட்டியல்) வழியாகக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு அடிப்படைச் சம்பளத்தில் பாதியை, 1,500 பவுண்டுக்கு மிகாமல், பல்கலைக்கழகம் எங்களுக்குத் திருப்பித் தரும். வேலை பட்டப்படிப்புத் தரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், உறவினரை எடுக்கக் கூடாது, பாதுகாப்புப் படிவம் நிரப்ப வேண்டும், ‘மானியக் கட்டுப்பாடு’ என்ற ஓர் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது.

எனக்கு நான்கு சந்தேகங்கள். பணம் ஓரளவு பல்கலைக்கழகத்திலிருந்து வருவதால் சட்டப்படி முதலாளி யார், நானா அவர்களா? 1,500 பவுண்டு போக என் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும்? விண்ணப்பித்தவர்களில் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே முதுகலை படிக்கும் ஒரு பெண்ணும் இருக்கிறார். மிகவும் திறமையானவராகத் தெரிகிறார். மாணவர் விசாவில் அவரை எடுக்கலாமா? கடைசியாக, என் மைத்துனர் “மாணவர்களுக்குச் சம்பளமே கொடுக்க வேண்டியதில்லை, வேண்டுமானால் ஓர் இன்வாய்ஸ் வாங்கிக்கொண்டு தொகையைக் கொடுத்துவிடலாம்” என்கிறார். அது சரிதானா?

பதில் 1: கணக்கர்_ஈஸ்ட்ஹாம்

வணக்கம் ஐயா. மைத்துனர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து அதிகம். பிரிட்டனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலிருந்து மாணவருக்கு விலக்கு உண்டு என்பது பாதி உண்மை. ஒரு பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாக, ஓராண்டுக்கு மிகாமல் செய்யும் வேலைப் பயிற்சிக்கு மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். கோடை விடுமுறையில் மாணவர் தம் விருப்பப்படி வந்து செய்யும் வேலை அதில் அடங்காது. அதற்கு நீங்கள் ‘இன்டர்ன்ஷிப்’ என்று பெயர் வைத்தாலும் ‘பயிற்சி’ என்று பெயர் வைத்தாலும், குறித்த நேரத்துக்கு வந்து, நீங்கள் சொன்ன வேலையைச் செய்கிறவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளிதான். குறைத்துக் கொடுத்தது பிடிபட்டால் பாக்கியைக் கொடுப்பதோடு, அந்தப் பாக்கியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமும் கட்ட நேரிடும். இன்வாய்ஸ் வழியும் உதவாது. மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யவே கூடாது என்பதால், நீங்கள் குறிப்பிட்ட பெண்ணிடம் இன்வாய்ஸ் கேட்பது அவருடைய விசாவையே கெடுக்கும் செயலாகிவிடும்.

முதலாளி யார் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. சம்பளம் உங்கள் பேரோலில் போகிறது என்றால் முதலாளி நீங்கள்தான். பல்கலைக்கழகம் பிறகு பணம் தருவது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள தனி ஏற்பாடு. (வேறு சில பல்கலைக்கழகங்கள் தங்களுடைய தற்காலிக வேலை முகமை வழியாக மாணவரைத் தாங்களே பணியமர்த்தி, உங்களுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பும், வாரிக் பல்கலைக்கழகம் தொடங்கிய யூனிடெம்ப்ஸ் அந்த வகை. அப்போது பேரோல் தொல்லை உங்களுக்கு இல்லை, ஆனால் முகமைக் கட்டணமும் அதன்மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வரியும் சேரும்.)

இப்போது கணக்கு. 2025-26 நிதியாண்டில் குறைந்தபட்ச ஊதியம் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு, 18 முதல் 20 வயது வரை 10 பவுண்டு. வயதைப் பார்த்துக் குறைத்துக் கொடுப்பதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதால் 12.21 என்றே வைத்துக்கொள்வோம். எட்டு வாரத்துக்கு 280 மணி நேரம், 3,418.80 பவுண்டு.

இதோடு முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். விடுமுறை ஊதியம் முதல் நாளிலிருந்தே சேரும். ஆண்டுக்கு 5.6 வாரம் என்ற சட்டக் கணக்கின்படி எட்டு வாரத்துக்கு நாலு நாளும் கொஞ்சமும் வரும். அவர் விடுப்பு எடுக்காமல் முழுவதும் வேலை செய்தால், கடைசியில் சுமார் 30 மணி நேரத்துக்கான 368 பவுண்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள்ளேயே விடுப்பை எடுக்கச் சொன்னால் கூடுதல் பணம் போகாது. ஆனால் நாலு நாள் வேலை குறையும்.

அடுத்தது முதலாளி கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ், அதாவது அரசின் சமூகக் காப்பீட்டுக்கான கட்டாயத் தொகை. 2025 ஏப்ரலிலிருந்து அது 15 விழுக்காடு. மாதம் 417 பவுண்டுக்கு மேல் உள்ள தொகைக்குக் கட்ட வேண்டும். இரண்டு மாதச் சம்பளமாகப் பிரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 194, இரண்டு மாதத்துக்கு 388. விடுமுறை ஊதியத்தின் மேல் இன்னொரு 55. “அந்தத் தொகையில் ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை தள்ளுபடி தரும் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் இருக்கிறதே, கட்ட வேண்டியதில்லையே” என்று நீங்கள் கேட்கலாம். ஜூலையில் பூச்சியம் என்றுதான் காட்டும். ஆனால் உங்களிடம் ஆறு பேர் முழுநேரமாக இருக்கிறார்கள். எல்லோரும் குறைந்தபட்ச ஊதியத்தில் இருப்பதாக வைத்தாலே அவர்களுக்காக நீங்கள் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் ஆண்டுக்கு 15,000 பவுண்டைத் தாண்டும். ஆகவே அந்தச் சலுகை எப்படியும் டிசம்பர் வாக்கில் தீர்ந்துவிடும். இன்டர்னுக்காகச் செலவழித்த பகுதி அளவுக்கு அது முன்னதாகவே தீரும். ஜூலையில் தெரியாத செலவு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து நிற்கும். மாணவர் 21 வயதுக்குக் கீழே என்றால் மட்டும் இந்த அளவு சம்பளத்துக்கு முதலாளி பங்கு உண்மையாகவே பூச்சியம்.

மொத்தம் 4,230 பவுண்டு. 1,500 போனால் 2,730 உங்கள் கையிலிருந்து. தாளில் ‘உண்மை வாழ்வூதியம்’ என்ற சொல் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அது சட்டக் குறைந்தபட்சம் அன்று. லிவிங் வேஜ் ஃபவுண்டேஷன் அறிவிக்கும் வீதம். 2025 மே நிலவரப்படி லண்டனுக்கு 13.85 பவுண்டு. அப்படி இருந்தால் அடிப்படைச் சம்பளம் மட்டுமே 459 பவுண்டு கூடும். திரும்ப வருவதோ அதே 1,500 தான்.

பென்சனை ஒரு கடிதத்தில் முடித்துவிடலாம். 22 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு மாதம் 833 பவுண்டுக்கு மேல் வந்தால் தானாகச் சேர்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் வரை தள்ளிப்போட உங்களுக்கு உரிமை உண்டு. வேலையில் சேர்ந்த ஆறு வாரத்துக்குள் எழுத்தில் அறிவித்துவிட்டால் போதும். எட்டு வார வேலை அதற்குள் முடிந்துவிடும். கடிதம் கொடுக்க மறந்தால்தான் சிக்கல்.

பதில் 2: முன்னாள்_வேலைவாய்ப்பு_அலுவலர்

ஒரு பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் இத்தகைய திட்டத்தைக் கவனித்தவள் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் ஒன்பது பக்கமும் அவ்வளவு மிரட்டாது.

பெரிய நிறுவனங்கள் தாமாகவே பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து மாணவர்களை எடுத்துக்கொள்கின்றன. 250 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அதற்கு நேரமும் இல்லை, தனி ஆள்களும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பணம். அது பல ஊற்றுகளிலிருந்து வரும். ஒரு காலத்தில் ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதி. பிறகு அரசின் பகிர்வு வளமை நிதி. சான்டாண்டர் வங்கியின் பல்கலைக்கழக நிதி. சில இடங்களில் பழைய மாணவர்களின் நன்கொடை. பணம் கொடுத்தவர் ஒவ்வொருவரும் ‘இது எங்கே போயிற்று’ என்று கணக்குக் கேட்பார். சம்பளச் சீட்டு, வங்கிச் சான்று, மாணவர் எழுதிய அறிக்கை எல்லாவற்றையும் நாங்கள் கேட்டது அதனால்தான். வேலை முடிந்த பிறகே பணம் தருவதற்கும் காரணம் அதுவே: முன்பணம் கொடுத்த காலத்தில் மூன்றாம் வாரத்தில் மாணவர் நின்றுவிட்டால் மீதியைத் திரும்ப வாங்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மானியக் கட்டுப்பாட்டு அறிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம். பொதுப் பணம் ஒரு நிறுவனத்துக்கு நியாயமற்ற முறையில் குவியாமல் இருப்பதற்காக 2022ஆம் ஆண்டின் மானியக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. நடப்பு நிதியாண்டையும் முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 315,000 பவுண்டு வரை ‘குறைந்த அளவு உதவி’ என்ற வகையில் ஒரு நிறுவனம் பெறலாம். அந்த வரம்பைத் தாண்டவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவே. வேறெங்காவது மானியம் வாங்கியிருந்தால் அதன் கடிதத்தைத் தேடி எடுத்து, அது எந்த வகையில் தரப்பட்டது என்று பார்த்துத் தொகையை எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

உறவினர் கூடாது என்ற நிபந்தனைக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். நம்மவர்கள்தான் அதிகமாகக் கேட்பார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பாதுகாப்புப் படிவத்தில் இரண்டு விஷயம். உங்களிடம் ஐந்து பேருக்கு மேல் வேலை செய்வதால், இடர் மதிப்பீட்டை எழுதி வைத்திருக்க வேண்டியது ஏற்கெனவே உங்கள் சட்டக் கடமை. இன்டர்னின் மேசை கிடங்குக்குள் இருக்குமானால், ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையில் அவர் எப்படி நடப்பார், மூட்டை அடுக்கை யார் எண்ணுவார், அவர் தூக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அடுத்தது முதலாளி பொறுப்புக் காப்பீடு. குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களிடம் கட்டாயம் இருக்கும். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, குறுகிய கால இன்டர்னும் அதில் அடங்குவார் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். படிவம் திரும்பி வருவதற்கு நான் கண்ட முதல் காரணம் காப்பீட்டுச் சான்றிதழின் காலாவதித் தேதி, வேலை முடியும் நாளுக்கு முன்னதாக இருப்பதுதான்.

இனி, கோயம்புத்தூர் மாணவியின் விசா. இதில் நல்ல நிறுவனங்களே தடுக்கி விழுகின்றன. பட்டப்படிப்புத் தரத்தில் படிக்கும் மாணவர் விசாக்காரர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமும், விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம். இளங்கலை மாணவருக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. ஒரே ஆண்டில் முடியும் முதுகலைப் படிப்பில் அப்படியில்லை: அந்தக் கோடையில்தான் ஆய்வேடு எழுதுகிறார்கள்; அதை ஒப்படைத்துப் படிப்பு அதிகாரப்பூர்வமாக முடியும் நாள் வரை அது கல்விப் பருவமே. வெளியே வெயிலடிக்கிறது, வகுப்பு நடக்கவில்லை, ஆகவே விடுமுறை என்று முதலாளியும் நினைப்பார், சில நேரம் மாணவரும் நினைப்பார். அவரை வாரத்துக்கு 35 மணி நேரம் அமர்த்தினால், விசா நிபந்தனையை மீறி வேலை கொடுத்ததாகும். முதல் முறைக்கே ஒரு தொழிலாளிக்கு 45,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம். அவருடைய விசா கதி அதைவிட மோசம்.

அதற்காக அவரை ஒதுக்க வேண்டாம், ஒதுக்கவும் கூடாது. விண்ணப்பத்தைத் திறமை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்தபின் பிரிட்டனில் பிறந்தவர் உட்பட யாராக இருந்தாலும் ஒரே முறையில் வேலை உரிமையைச் சரிபாருங்கள். பெயரையோ நிறத்தையோ பார்த்துச் சிலரிடம் மட்டும் கேட்டால் அது பாகுபாட்டுச் சட்டத்தில் போய் முடியும். விசாக்காரர் தரும் ‘ஷேர் கோட்’ என்ற வேலை உரிமைக் குறியீட்டை அரசின் இணையதளத்தில் முதலாளிக்கான பக்கத்தில் நீங்களே போட்டுப் பார்த்துப் பதிவை எடுத்து வைக்க வேண்டும். அவர் தம் கைப்பேசியில் காட்டுவது சரிபார்ப்பு ஆகாது. மாணவர் என்றால் கூடவே பருவ, விடுமுறைத் தேதிகளுக்கான சான்றைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். வேலை முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை இவை உங்களிடம் இருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குப் பதிலாகப் பதினான்கு வாரம், வாரத்துக்கு 20 மணி நேரம் என்று மாற்றினால் அதே 280 மணி நேரம்தான். தாளில் ‘எட்டு வாரம்’ என்றிருந்தாலும் வேலைவாய்ப்புப் பிரிவிடம் கேளுங்கள். மொத்த மணி நேரம் மாறாத வரை நாங்கள் பலமுறை ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

பதில் 3: டூட்டிங்_அச்சகம்

நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன் அண்ணா. முதல் முறை பணம் வரவில்லை, குற்றம் முழுவதும் என்னுடையதே. வேலை முடிந்து 30 நாளுக்குள் கோரிக்கைப் படிவம் வந்து சேர வேண்டும் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பையன் ஆகஸ்ட் நடுவில் முடித்துவிட்டுப் போனான்; எங்களுக்குச் செப்டம்பர் முழுக்க நவராத்திரி, தீபாவளி அழைப்பிதழ் வேலை; நான் அக்டோபர் முதல் வாரத்தில் அனுப்பினேன். மரியாதையாக ஒரு பதில் வந்தது, பணம் வரவில்லை. ஆகவே உங்கள் தாளில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடி, தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று, கணக்கர் ஐயா சொல்லாதது. பணத்தைவிட என் நேரம்தான் அதிகம் போயிற்று. முதல் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு மணி நேரமாவது அவனோடு உட்கார வேண்டியிருந்தது. தாளில் ‘மேற்பார்வையாளர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு நான் பாதி நாள் டெலிவரிக்குப் போய்விட்டால், பையன் யாரிடம் கேட்பான்? இரண்டாம் முறை மேற்பார்வையாளராக எங்கள் வடிவமைப்பாளரின் பெயரை எழுதினேன்; அவர் எப்போதும் மேசையில் இருப்பவர். அந்தக் கோடை நன்றாகவே போயிற்று.

பதில் 4: லெஸ்டர்_பட்டதாரி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதேபோன்ற திட்டத்தில் இன்டர்னாக இருந்தவன் நான். எதிர்ப்பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

என்னை எடுத்தது ஒரு சிறு அலுவலகம், பெயர் வேண்டாம். வேலை விவரத்தில் ‘வாடிக்கையாளர் தரவைப் பகுப்பாய்வு செய்தல்’ என்று எழுதியிருந்தது. போன முதல் நாள் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள்: தரையிலிருந்து என் மார்பு உயரம் வரை பழைய கோப்புகள். அவற்றை ஸ்டேப்ளர் பின் கழற்றி ஸ்கேன் செய்வதுதான் வேலை. ஏழு வேலை நாள் செய்தேன், விரல் நுனியெல்லாம் கீறல். எட்டாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து வழக்கமான விசாரிப்பு அழைப்பு வந்தது. நான் முறையிடக்கூட இல்லை. “இன்று என்ன செய்கிறீர்கள்” என்று அவர் கேட்டார், நான் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் முதலாளியிடம் வேலை விவரத்தை எடுத்து வைத்துப் பேசியிருக்கிறார்கள். அதன்பிறகு உண்மையான வேலை வந்தது. ‘பட்டப்படிப்புத் தரம்’ என்ற அந்த நிபந்தனை இல்லாவிட்டால் எட்டு வாரமும் பின் கழற்றியிருப்பேன். கிடங்கில் ஆள் குறையும் நாளில் “தம்பி, இந்த லோடை மட்டும் இறக்கிக் கொடு” என்று சொல்லத் தோன்றும். ஒரு நாள் என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வாரம் இரண்டு நாள் என்றால் அது வேறு வேலை.

சம்பளச் சீட்டைப் பற்றியும் ஒன்று. நான் வார இறுதிகளில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதனால் தொடக்கப் படிவத்தில் ‘வேறு வேலை இருக்கிறது’ என்று குறித்தேன். இந்த வேலையின் முழுச் சம்பளத்துக்கும் 20 விழுக்காடு வரி பிடித்தார்கள். ஆண்டு முடிவில் திரும்பக் கிடைத்தது, ஏனென்றால் என் மொத்த வருமானம் 12,570 பவுண்டை எட்டவில்லை. ஆனால் அந்த மாத வாடகைக்கு அது உதவவில்லை. நேஷனல் இன்சூரன்ஸில் பிடித்த ஐம்பது பவுண்டு சொச்சம் திரும்ப வராது. முதல் நாளே இதை மாணவரிடம் சொல்லிவிட்டால், மாதக் கடைசியில் முதலாளி ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் வராது. விசாக்காரருக்கு இன்னொரு விஷயம்: 20 மணி நேரம் என்பது எல்லா வேலைகளையும் சேர்த்து, திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரத்துக்கு. வேறெங்காவது எட்டு மணி நேரம் வேலை செய்கிறார் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது பன்னிரண்டுதான். கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பதில் 5: ஹாரோ_மொத்தவணிகம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டூட்டிங் தம்பி சொன்ன வரி எங்கள் தாளில் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்கு 28 நாள். அதைப் படித்தபோது நான் ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. ஊதியம் பற்றிய பகுதியில் ‘வயது வேறுபாடின்றி 21 வயதுக்குரிய வீதம்’ என்றிருக்கிறது. வாழ்வூதியம் என்ற சொல் இல்லை.

வேலைவாய்ப்புப் பிரிவுடன் பேசினேன். முதுகலை மாணவர் தேர்வானால் 20 மணி நேரம் வீதம் பதினான்கு வாரமாக நீட்ட ஒப்புக்கொண்டார்கள். மின்னஞ்சலிலும் எழுதிக் கேட்டிருக்கிறேன். மேற்பார்வையாளராக என் பெயருக்குப் பதில், ஆர்டர் எடுக்கும் எங்கள் அலுவலகப் பெண்ணின் பெயரைப் போடுகிறேன். பருப்பு மூன்று பெயரில் இருப்பதால் அன்றாடம் அல்லல்படுபவர் அவர்தான்.

இன்னும் இரண்டு கேள்விகள் மட்டும். மாணவர் உருவாக்கும் தரவுத்தளம் யாருக்குச் சொந்தம்? அவர் தம் மடிக்கணினியிலேயே வேலை செய்யலாமா?

பதில் 6: கணக்கர்_ஈஸ்ட்ஹாம்

உங்கள் பேரோலில் ஊழியராக இருப்பவர் வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளிக்கே. இன்வாய்ஸ் வழியாகப் போயிருந்தால் இது தலைகீழாகியிருக்கும். எழுத்தில் மாற்றித் தரும் வரை அது அவருடையதாகவே இருந்திருக்கும். மைத்துனருக்கு இதையும் சொல்லுங்கள். ஆனால் பல்கலைக்கழகத் தாளில் இதற்கு மாறான வரி ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மாணவர் பிற்காலத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தாம் செய்ததைக் காட்ட விரும்புவார். வாடிக்கையாளர் பெயரும் விலையும் நீக்கிய மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ள நீங்களே அனுமதி எழுதிக் கொடுங்கள், அது நியாயம்.

மடிக்கணினி உங்களுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரர்களின் பெயர், கைப்பேசி எண், கடன் பாக்கி எல்லாம் அதில் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்பில் பொறுப்பு உங்களுக்கு. பழைய கணினி ஒன்றில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுத்தாலே போதும். வேலை நிபந்தனைகளை எழுதிய அறிக்கையை முதல் நாளே அவர் கையில் கொடுக்க வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம்.

எட்டு வாரத் திட்டம் என்றால் ஜூன் 30 திங்கட்கிழமை தொடங்கி ஆகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை முடியுங்கள். ஆகஸ்ட் 25 வங்கி விடுமுறைக்கு முன்னால் கணக்கு முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் என்று இரண்டே சம்பளச் சீட்டு. உங்கள் 28 நாள் செப்டம்பர் 19இல் தீரும். பதினான்கு வாரம் என்றால் அக்டோபர் 3 வரை போகும். சம்பளம் கூடுதல் மாதங்களில் பரவுவதால் நேஷனல் இன்சூரன்ஸும் குறையும், மீண்டும் கணக்கிட்டு அனுப்புகிறேன்.

பதில் 7: ஹாரோ_மொத்தவணிகம்

மிக்க நன்றி ஐயா. அடுத்த வாரம் நான்கு பேரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறோம். கேள்விகளை அலுவலகப் பெண்ணே தயாரித்துவிட்டார். துவரம் பருப்பின் மூன்று பதிவுகளையும் அச்செடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்து, எதை வைத்துக்கொள்வீர்கள், மற்ற இரண்டின் பழைய விற்பனைக் கணக்கை என்ன செய்வீர்கள் என்று கேட்கப் போகிறாராம். எனக்கே அதற்கு விடை தெரியவில்லை.